ஒரு வழி மட்டும் மிஞ்சிய ஞாயிறு

மாகோங், நவம்பர் 6

ஆ-குன்,

வந்து சேர்ந்துவிட்டேன். காற்றில் இறங்க முடியாமல் விமானம் கடலுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்கியது. பக்கத்து இருக்கை அம்மாள் கடல் தெய்வம் மாட்சூ தாயைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். எனக்குப் பயமே வரவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு பயந்தேன்.

அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். காலையில் கீழே கடையில் மீன் அரைக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் கட்டில் அதிர்கிறது. அண்ணி எதுவும் கேட்கவில்லை. ஒரு ஏப்ரனை எடுத்து நீட்டினாள். கட்டிக்கொண்டு மீன் உருண்டை பிடிக்கிறேன்.

போனை அணைத்து டிராயரில் போட்டிருக்கிறேன். நீ கூப்பிட்டுக்கொண்டே இருப்பாய், தெரியும். போனில் நான் பேசப் பேச நீ ‘ம்’ என்பாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ‘ம்’மைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் வெறும் ‘ம்’ எழுதி தபால்தலை ஒட்ட முடியாது. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

நான் ஏன் கிளம்பினேன் என்பதை உன் மூளை எப்படிச் சுருக்கி வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ‘விருந்தில் யாரோ ஏதோ சொன்னார்கள், ரோங் கோபித்துக்கொண்டாள்.’ அப்படி இல்லை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

உன்னோடு வேலை செய்கிற சாயின் குழந்தைக்கு மாதம் நிறைந்த விருந்து. எனக்குப் போக மனமில்லை. நீதான் ‘போகலேன்னா தப்பா நினைப்பாங்க’ என்றாய். சாயின் மனைவி விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு முட்டையை என் கையில் வைத்து, அப்படியே கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, அன்னைக்கு குன் அண்ணன் மட்டும் அந்த போட்டோ பக்கத்தை அடைக்கலேன்னா ஆஸ்பத்திரி கதி என்ன ஆயிருக்கும்னு இவர் இன்னும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு. அதுலதான் உங்க நிங்-நிங் வீடியோ எல்லாம் இருந்துச்சாமே. எப்படிக்கா மனசு வந்துச்சு அவருக்கு? பெரிய மனசுக்கா.” அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியும்ல?” என்றாள்.

முட்டையை உரிக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது?

செப்டம்பரில், புயலுக்கு மறுநாள், நீ வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது இது: “பழைய பெட்டி செத்துப்போச்சு ரோங். ஒண்ணும் பண்ண முடியல.” அவ்வளவுதான். நம் மகள் நிங்-நிங் போய் இரண்டு வருடம். அவள் குரல் இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிக்குள் இருந்த போட்டோ கம்பெனியின் படக் கிடங்கு. என் போன் நிரம்பிவிட்டது என்றபோது அதில் போடச் சொன்னவனும் நீ. ‘எங்க பெட்டியிலதான் வெச்சிருக்காங்க. நாலு வழி இருக்கு. ஒண்ணு போனாலும் மூணு இருக்கும்.’ அது போய்விட்டது என்று நீ சொன்ன அன்று நான் அழவில்லை. நீ நிற்க முடியாமல் நின்றாய். உனக்குச் சேமியா சூப் வைத்துக் கொடுத்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

நான் உன்னைத் தேற்றினேன், ஆ-குன்.

பெய்-ரோங்


சின்ச்சூ, நவம்பர் 14

ரோங்,

கட்டாய ராணுவச் சேவையில் இருந்தபோது அம்மாவுக்கு எழுதியதற்குப் பிறகு நான் கடிதமே எழுதியதில்லை. இதுவும் சரியாக வராது.

வெந்நீர் இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டேன். உன் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். நீ உன் தடித்த கோட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அங்கே காற்று அதிகம், அனுப்பவா?

அன்று நான் சொன்னது பொய் இல்லை. பெட்டி செத்துத்தான் போனது. ஆனால் நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. அதைச் சொல்கிறேன்.

தகவல் இருப்பது பெட்டியில். கேட்பது சர்வர்கள். நடுவே இரண்டு ஸ்விட்ச். பெட்டியின் வாசலில் இரண்டு கன்ட்ரோலர். எந்த ஸ்விட்ச் வழியாகவும் எந்தக் கன்ட்ரோலருக்கும் போகலாம் என்பதால் நான்கு வழி. ஒரு மென்பொருள் எல்லா வழியையும் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கோரிக்கையையும் எங்கே வரிசை குட்டையாக இருக்கிறதோ அங்கே அனுப்பும். ஒரு வழி அறுந்தால் அந்தச் சுமையை மற்ற மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்கும். பெட்டிக்குள் பொருளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதை ஒழுங்காக நடத்துவதுதான் என் வேலை. ஒன்று போனாலும் மூன்று இருக்கும் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது உண்மை. அன்று ஒன்று போகவில்லை.

புயலில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் குளிரூட்டும் இயந்திரங்களில் ஒன்று திரும்பக் கிளம்பவில்லை. ஸ்விட்ச் ஒன்று எரிந்தது, இரண்டு வழி போயிற்று. பிறகு சூட்டில் ஒரு கன்ட்ரோலர் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. மிச்சமிருந்த இரண்டில் ஒன்றும் போயிற்று. தகவல் பதிந்திருக்கும் தட்டுகளும் சூட்டில் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. முழுதும் சாவதற்குள் உள்ளே இருப்பதையெல்லாம் பக்கத்துக் கட்டடத்துப் புதுப் பெட்டிக்கு நகர்த்த வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழி. உள்ளே இருந்தது இரண்டு பேருடைய பொருள். ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள், போட்டோ கம்பெனியின் படங்கள். இரண்டும் போக இடமில்லை.

போட்டோ கம்பெனி இரண்டாவது பிரதி வேறெங்கும் வைத்திருக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கோட்டை அனுப்புகிறேன்.

குன்


மாகோங், டிசம்பர் 2

ஆ-குன்,

கோட்டு வந்தது. பைக்குள் இருந்த கையுறையைக்கூட மடித்து வைத்திருக்கிறாய்.

உன் கடிதத்தை அண்ணன்தான் தபால்காரரிடம் வாங்கினான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஏம்மா, உன் வீட்டுக்காரன் கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குறான்? கடுதாசி போடுறான்? போனை எவனாவது திருடிட்டானா?” அண்ணி அவன் தலையில் கரண்டியால் தட்டினாள். “படிச்சவங்க அப்படித்தான் சண்டை போடுவாங்க. உன்னை மாதிரி சட்டியைத் தூக்கி எறிவாங்களா?” என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு மாடிக்கு வந்து படித்தேன்.

நீ எழுதியது எனக்குப் புரிந்தது. என்னை முட்டாள் என்று நினைக்காதே. நான்கு வழி, இரண்டு வழி, ஒரு வழி. பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லித்தருவது மாதிரி எழுதியிருக்கிறாய். ஆனால் ‘இரண்டும் போக இடமில்லை’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டுக் கோட்டுக்குத் தாவிவிட்டாய். கதை ஆரம்பிப்பதே அங்கேதான்.

இடமில்லை. சரி. அப்புறம்? வழி தானாகவா அடைத்துக்கொண்டது? அந்த அறையில் யார் இருந்தார்கள்? என்ன பேசினீர்கள்? நீ நின்றாயா, உட்கார்ந்தாயா? அவள் உள்ளே இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் உன் நினைவில் இருந்ததா, இல்லை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் நினைவு வந்ததா? இரண்டில் எது எனக்கு அதிகம் வலிக்கும் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் எது என்று தெரியாமல் என்னால் மீன் உருண்டைகூடப் பிடிக்க முடியவில்லை. நேற்று ஒரு பாத்திரம் முழுக்க உப்புப் போட மறந்துவிட்டேன்.

இயந்திரத்துக்கு என்ன ஆனது என்று எழுதாதே. நீ என்ன செய்தாய் என்று எழுது.

ரோங்


சின்ச்சூ, டிசம்பர் 15

ரோங்,

நின்றேன். அந்த அறையில் உட்கார இடம் கிடையாது.

நானும் சாயும்தான் இருந்தோம். ஞாயிறு, அதோடு புயல் என்பதால் மற்றவர்கள் வரவில்லை. கதவைத் திறந்தால் குளியலறை மாதிரி அனல் அடித்தது. சாய் இயந்திரங்களின் தலையில் வைத்திருக்கிற சோளப்பொரிப் பொட்டலங்களை எடுத்துப் பார்த்தான். எல்லாக் கம்பெனியிலும் இயந்திரம் சமர்த்தாக இருக்கட்டும் என்று வைப்பார்களே, அந்தப் பச்சைப் பொட்டலம். “அண்ணே, இது தேதி முடிஞ்சு போச்சு. அதான் இப்படி” என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டேன். ‘நீ அங்க இருக்கே. நீயே பாத்து முடிவு பண்ணு’ என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே இருந்தது நான்தான்.

உன் கேள்விக்குப் பதில்: நினைவில் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே இருந்தது. சாய் சொல்வதற்கு முன்பே.

முதலில் போட்டோ பக்கத்தை முழுக்க அடைத்தேன். ஆஸ்பத்திரிப் படங்கள் மட்டும் ஓடின. சாய் திரையைக் காட்டினான்.

“அண்ணே, பத்துல ஒரு பங்காவது அந்தப் பக்கம் விடலாமே. யார் கேக்கப் போறா?”

“எதுக்கு?” என்றேன்.

“எதுக்கா? உள்ள நம்ம பாப்பா இருக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

நான் விட்டேன், ரோங். பத்தில் ஒரு பங்கு. ஆனால் யாருடைய படம் முதலில் போகும் என்று என்னால் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லாக் குடும்பத்துடையதும் கலந்து கிடக்கும். எது முன்னால் இருக்கிறதோ அது போகும். யாருடைய பிறந்தநாளோ யாருடைய நாயோ போய்க்கொண்டிருந்தது. ஒரு கோப்பை தேநீர் குடிக்கும் நேரம் இருக்கும், அவ்வளவுதான் அது திறந்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஸ்கேன் பிரிவில் வேலை செய்கிற பெண். “சார், படம் பாதியிலயே நிக்குது. பஸ் கவுந்து ஆளுங்களைக் கொண்டுவந்துட்டே இருக்காங்க. தலையில அடிபட்டவங்க. டாக்டர் எதைப் பாத்துக் கத்தி வைக்கிறதுன்னு கேக்குறார். இன்னும் எவ்வளவு நேரம் சார்?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஸ்கேன் அறை வாசலில் நாம் காத்துக்கொண்டிருந்தபோது ‘கொஞ்சம் பொறுங்க’ என்று நம்மிடம் சொல்வார்களே, அந்தக் குரல்.

“இப்ப வரும்” என்று அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அடைத்தேன். சாய் அடைக்கவில்லை, நான்தான். சாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியின் கடைசிப் படம் போய்ச் சேர்ந்தது. மறுபடி போட்டோ பக்கத்தைத் திறக்கப் போனபோது இன்னொரு தட்டு செத்தது. அதோடு எல்லாம் முடிந்தது. விசிறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் ‘என்னை மன்னித்துவிடு’ என்று எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அடித்தேன். நான் உன்னிடம் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அடைத்ததற்குக் கேட்க முடியவில்லை. அதே ஞாயிறு திரும்ப வந்தால் அதையேதான் செய்வேன். இதைப் படித்ததும் நீ கடிதத்தைக் கிழித்துவிடலாம். ஆனால் நீ நான் என்ன செய்தேன் என்று கேட்டாய்.

குன்


மாகோங், ஜனவரி 5

ஆ-குன்,

கிழிக்கவில்லை. எதிர்ப்பக்கத்து மீன்பிடித் துறைக்கு எடுத்துப்போய், காற்று மறைவாக ஒரு பவளக்கல் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். காற்றில் கண்ணில் மண் விழுந்துவிட்டது என்றேன். இந்த ஊரில் அதை எல்லோரும் நம்புவார்கள்.

நீ அடைத்தது சரி.

இதை எழுத இத்தனை நாள் ஆனது. நீ சரி. நான் அந்த அறையில் இருந்திருந்தால் நானும் அடைக்கத்தான் சொல்லியிருப்பேன். ஸ்கேன் அறை வாசலில் உன்னோடு நானும்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கே உள்ளே கிடப்பது யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை என்று எனக்கும் தெரியும். அவள் குரலுக்காக இன்னொருத்தி பிள்ளை சாகட்டும் என்று சொல்கிறவள் என்றா என்னை நினைத்தாய்?

நினைத்தாய். அதனால்தான் கூப்பிடவில்லை.

அந்த மத்தியானம் நீ எனக்கு அனுப்பிய செய்தி போனில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் டிராயரைத் திறந்தேன். ‘பால்கனிக் கதவை இறுக்கிக் கட்டினாயா?’ அந்தச் சூட்டில், ஒரு வழி மட்டும் மிஞ்சியிருந்த நேரத்தில், உனக்கு அதைக் கேட்க நேரம் இருந்திருக்கிறது. நான் ‘கட்டிவிட்டேன், நீ சாப்பிட்டாயா?’ என்று அனுப்பியிருக்கிறேன். நீ ‘ம்’ என்று அனுப்பியிருக்கிறாய்.

நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன், ஆ-குன். ஜன்னலில் மழை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு. கையில் போன். அந்தத் தேநீர் குடிக்கும் நேரம், பத்தில் ஒரு பங்கு நீ திறந்துவிட்டிருந்தாயே, அப்போது நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ‘ரோங், மூடப்போறேன், ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கோ’ என்று சொல்லியிருந்தால், நான் ஒன்றை என் போனுக்கு இறக்கியிருப்பேன். எது என்றுகூட யோசித்திருக்க மாட்டேன். நத்தை கதை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அவளே கட்டிச் சொல்வாளே, வாடகை கொடுக்காததால் வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய நத்தை. அது மட்டும் போதும். மற்றதையெல்லாம் நானே மூடச் சொல்லியிருப்பேன்.

உன்னால் தேர்ந்தெடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறாய். என்னால் முடிந்திருக்கும். அது என் கணக்கு. என் போனில் திறந்தால் வரும். வந்திருக்காதா? நீதான் நிபுணன். சொல்.

ரோங்


சின்ச்சூ, ஜனவரி 19

ரோங்,

அது எனக்குத் தோன்றவேயில்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து வேறு எதுவும் யோசிக்க முடியவில்லை. வந்திருக்காது என்று எழுதிவிடலாம் என்று பார்த்தேன். எழுதினால் உனக்கு உண்மை தெரிய வழியில்லை. ஆனால் அப்படி ஒரு முறை செய்துதான் இங்கே வந்து நிற்கிறோம்.

அதனால் சோதித்துப் பார்த்தேன். வேலை இல்லாத ஒரு பழைய பெட்டியை எடுத்து, மூன்று வழியைப் பிடுங்கி, மிச்சமிருந்த ஒன்றில் அன்று போலவே சுமையை ஏற்றி, பத்தில் ஒரு பங்கு மட்டும் விட்டு, என் போனிலிருந்து ஒரு வீடியோவை இழுத்தேன். சாய் பக்கத்தில் நின்றான். மெதுவாக வந்தது. நின்று நின்று வந்தது. ஆனால் வந்தது. சாய் ‘அண்ணே, இதை அண்ணிக்கு எழுதாதீங்க’ என்றான்.

இறங்கியிருக்கும், ரோங்.

ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு நீ சொன்ன காரணம் பாதிதான் சரி. நீ வேண்டாம் என்று சொல்வாய் என்று பயந்தேன், அது உண்மை. அதைவிட, உன் குரலைக் கேட்டால் என் கை அந்த விசையை அழுத்தாது என்று பயந்தேன். உன்னை நம்பாமல் இல்லை. என்னை நம்பவில்லை. கதவைப் பற்றிக் கேட்டது, நீ பத்திரமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள. அன்று உன்னிடம் கேட்க எனக்குத் துணிவு இருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

அடுத்து வரும் சந்திரப் புத்தாண்டுக்கு வருவாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

குன்


மாகோங், மார்ச் 11

ஆ-குன்,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். கொஞ்ச காலம் தூங்கியும் இருப்பேன். ஆனாலும் நன்றி.

புத்தாண்டு முடிந்து போட்டோ கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவர்கள் கடையை மூடுகிறார்கள். நகர்த்தியபோது தப்பிப் பிழைத்தவற்றை உரியவர்களுக்குத் திருப்பி அனுப்புகிறார்களாம். என் கணக்கில் ஒன்று இருக்கிறது என்றார்கள். ஒரே ஒரு வீடியோ. நீ திறந்துவிட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

அண்ணியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். கை கழுவக்கூட இல்லை. போன் முழுக்க மீன் மாவு.

நத்தை இல்லை. பிறந்தநாள் இல்லை. அவள் முதல் வகுப்பில் இருந்தபோது எடுத்தது. நம் சாப்பாட்டு மேசை. அவள் எழுத்துப் பயிற்சி நோட்டின் மேல் குனிந்திருக்கிறாள். முதுகுதான் தெரிகிறது, இரண்டு சடையும். நான் திரையில் இல்லை, என் குரல் மட்டும். “எத்தனை தடவை சொல்றது? கட்டத்துக்குள்ள எழுதுன்னு சொன்னேனா இல்லையா? கண்ணு எங்க இருக்கு? அழி. எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி எழுது.” படம் எடுத்தது நீ. படம் ஆடுகிறது, நீ சிரிக்கிறாய். “விடு ரோங், கை வலிக்கும் பிள்ளைக்கு” என்கிறாய். நான் “நீ சும்மா இரு, நீ குடுக்குற செல்லம்தான்” என்கிறேன். அவள் எதுவும் பேசவில்லை. அழிக்கிறாள். அழித்துக்கொண்டே இருக்கிறாள். அப்புறம் ரப்பர்த் தூளை ஊதிவிட்டு உன் பக்கம் திரும்புகிறாள், ஏதோ சொல்லப்போகிறாள், வாய் திறக்கிற நேரத்தில் முடிந்துவிடுகிறது.

உலகத்தில் என் பெண்ணின் நினைவாக மிஞ்சியிருக்கிற ஒரே ஒலி, நான் அவளைத் திட்டுவது.

நான் அப்படி இருந்தேனா? எப்போதும் அப்படியா? அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிவதற்கு முன்னால் அது, நான் என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். எல்லா அம்மாவும் திட்டுவார்கள் என்று அண்ணி சொல்கிறாள். நான் அவளிடம் காட்டவில்லை. சொல்ல மட்டும் செய்தேன். உனக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன். உன் சிரிப்பு அதில் நன்றாக இருக்கிறது. நீ அப்படிச் சிரிப்பாய் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

இப்போது சொல்லப்போவதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் ஜனவரியோடு தீர்ந்துவிட்டது. கோபம் இருந்தவரை திரும்பி வந்துவிடலாம் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரிந்துவிடலாம், ஆ-குன். முறைப்படி.

நீ கெட்டவன் இல்லை. ஆனால் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அந்த மத்தியானம் வந்து மேசையில் உட்காரும். நீ என்னைப் பார்க்கும்போதும் ‘இறங்கியிருக்கும்’ என்பதுதான் உனக்கு நினைவு வரும். உன் முகத்தில் அதை நான் பார்ப்பேன். பார்த்துவிட்டு உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். என்னிடம் அதற்குத் தெம்பு இல்லை.

எந்த ஊர்க் குடிப்பதிவு அலுவலகத்திலும் செய்யலாமாம். ஆனால் இருவரும் ஒன்றாக, நேரில் போய் நிற்க வேண்டும். சாட்சிக்கு இரண்டு பேர். அண்ணனும் அண்ணியும் கையெழுத்துப் போடுவார்கள்.

ரோங்


சின்ச்சூ, மார்ச் 20

ரோங்,

இறந்தவர்களை நினைக்கும் சிங்மிங் நாள் முடிந்ததும் வருகிறேன். நிங்-நிங்கின் சாம்பல் மாடத்துக்குப் போய் துடைத்து, பூ வைத்துவிட்டு, அங்கிருந்து நேரே விமான நிலையத்துக்கு. அடையாள அட்டையும் கையெழுத்துக்கான பெயர் முத்திரையும் எடுத்து வருகிறேன். உன் புத்தகங்களும் கோடைத் துணிகளும் பெட்டியில் கட்டிவிட்டேன். கப்பலில் வரும்.

எந்தச் சொல்லையும் எழுதி உன் மனதை மாற்றப் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கடிதம் குட்டையாக இருக்கிறது. இது ‘ம்’ இல்லை.

வீடியோவை அனுப்பு. நீ திட்டுவதும் எனக்கு வேண்டும்.

குன்


மாகோங், ஏப்ரல் 17

ஆ-குன்,

இதற்குப் பதில் எழுத வேண்டாம். சொல்லாமல் விட்டால் எனக்குள்ளேயே கிடக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் விமானம் கிளம்பியதை அண்ணன் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தான். உனக்கு அவன் மீன் உருண்டை சூப் ஊற்றியபோது அண்ணி என் முகத்தைப் பார்த்ததைக் கவனித்திருப்பாய். நீ போன பிறகு அவளிடம் சொல்கிறான், “கையெழுத்துப் போட வந்தவனுக்குச் சோறு போடக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?” அப்புறம் அவனே கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டான். நீ இளைத்துப் போயிருக்கிறாயாம். அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

அலுவலகத்தில் நாம் உட்கார்ந்திருந்த பெஞ்சில் பக்கத்தில் ஒரு ஜோடி குழந்தைக்குப் பெயர் பதிய வந்திருந்தது. நீ அவர்களுக்காக நகர்ந்து இடம்விட்டாய். அப்போது உன் தோள் என் மேல் பட்டது. நீ மன்னிப்புக் கேட்டாய். எத்தனையோ வருடம் ஒரே படுக்கையில் தூங்கிய மனிதன் தோள் பட்டதற்கு மன்னிப்புக் கேட்டதை நினைத்து நேற்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அந்தக் கவுன்ட்டர்ப் பெண்ணைப் பற்றித்தான் எழுத வந்தேன். புதிதாக வேலைக்கு வந்தவள் போல. முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தாள். பெயர், முகவரி, சாட்சிகள். அதே குரலில், “மைனர் குழந்தைங்க இருக்காங்களா? யார் பொறுப்புல இருப்பாங்க?”

“ஒரு பொண்ணு” என்றாய் நீ.

“இல்ல” என்றேன் நான்.

ஒரே நேரத்தில். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். உன்னை, பிறகு என்னை. “இருக்காங்களா, இல்லையா?” என்றாள்.

நீ வாயைத் திறந்தாய். திறந்துவிட்டு, என் பக்கம் திரும்பினாய். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாய். வரிசையில் பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். நீ பார்வையை எடுக்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“ஒருத்தி இருந்தா” என்றேன்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பாவம், அவளுக்குக் காதெல்லாம் சிவந்துபோனது. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள், அதில் எங்காவது கிடைக்குமா என்று தேடுவதுபோல. அப்புறம் நமக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்.

“மன்னிச்சுக்குங்க. ‘இருந்தா’ன்னு போட இதுல இடமில்லீங்க.”

நீ தலையாட்டினாய். பரவாயில்லை என்றாய் அவளிடம். அதற்குப் பிறகு அவள் அந்தக் கட்டத்தில் என்ன போட்டாள் என்று நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நீ பார்த்திருப்பாய்.

பெய்-ரோங்